பற்றரி வேண்டாம், தாங்கி கட்டுவம்

அன்பின் மச்சான்,

நாங்கள் இஞ்ச சுகம். மாமிக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சுது. கட்டு அவிழ்த்த கையோட மாட்டுக்குப் புல்லு வெட்டப் போறன் எண்டு வெளிக்கிட்டவ, மிச்சத்தை நீயே விளங்கிக்கொள். உன்ர கடிதத்துக்குக் கனநாளாப் பதில் போடேல்லை. ஏசு, கேட்டுக்கொள்ளுறன். இப்ப பேனை எடுத்தது, எங்கட ஊருக்குச் சோலர் பூட்டுறதுக்கு உங்கட சங்கம் எடுத்து நீ அனுப்பின விலைக் கொட்டேசனைப் பார்த்துத்தான். பார்த்திட்டுப் பேசாமல் இருக்க ஏலாமல் கிடக்கு.

550 வாற் பனல் பத்து, 5 கிலோவாற் இன்வேட்டர், 12 வோல்ற் 150 அம்பியர்-மணி ஈயப் பற்றரி எட்டு, பொதுக்கிணத்துக்கு 2 குதிரைவலு மோட்டர். கிணறு, முன்பள்ளி, வாசிகசாலை மூண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டு. திறப்புவிழாவுக்கு நாதஸ்வரமும் சொல்லியாச்சாம். ரொறன்ரோவில இருந்து ஆக்கள் வந்து நாடா வெட்டுற அண்டைக்கு எல்லாம் வேலை செய்யும், அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான் கேக்கிறது மூண்டாம் வருசத்து மார்கழியை.

முதல்ல பற்றரி. அந்த எட்டிலயும் எழுதியிருக்கிற கணக்குப்படி 14.4 யூனிற் நிக்கும். ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல இறக்கினால் ஆயுள் ஓடிப்போகும், அதால கையில வாறது ஏழு யூனிற். அதுவும் புதுசா இருக்கேக்க. இந்தப் பற்றரியளின்ர ஆயுளை 25 பாகை வெக்கையை வைச்சுத்தான் சொல்லுறவை. அதுக்கு மேல ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். வாசிகசாலையின்ர தகரக் கூரைக்குக் கீழ சித்திரையில என்ன வெக்கை எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, அங்க இருந்துதானே மத்தியானத்தில நித்திரை கொண்டனி.

கார்த்திகை, மார்கழியில கிழமைக் கணக்கா மூடிக் கிடக்கும். பனல் தாறது கொஞ்சம், லைற்றும் காத்தாடியும் இழுக்கிறது வழக்கம்போல. பற்றரி நிறையாமல் பாதியிலயே நாள்க்கணக்கா நிண்டால் தகட்டில சல்பேற்று கல்லுப்போல இறுகும். பிறகு எவ்வளவு வெய்யில் எறிச்சாலும் அது கரையாது. இதைத் தடுக்க மாசத்துக்கு ஒருக்கா முழுசா ஏத்தி, மூடியைத் திறந்து, ஹைட்ரோமீற்றர் வைச்சு ஒவ்வொரு அறையிலயும் அமிலத்தின்ர அடர்த்தி பாக்கவேணும். நிறைஞ்ச அறை 1.25க்கு மேல காட்டும். ஒரு அறை மட்டும் கீழ நிண்டால் அந்தப் பற்றரி, அதோட வரிசையாத் தொடுத்திருக்கிற மற்றப் பற்றரியளையும் தன்னோட இழுத்துக்கொண்டு போகும். தண்ணி குறைஞ்சால் வடிச்ச தண்ணிதான் விடவேணும். எங்கட கிணத்துத் தண்ணியின்ர சுண்ணாம்பும் உப்பும் பட்டால் தகடு முடிஞ்சுது. இதெல்லாம் பெரிய வித்தை இல்லை மச்சான். ஆனால் மாசாமாசம் செய்யிறதுக்குப் பேர் சொல்லக்கூடிய ஒரு ஆள் வேணும். கொட்டேசனில பற்றரி இருக்கு, பெட்டி இருக்கு, போல்ற் நட்டு வரைக்கும் இருக்கு. அந்த ஆள் இல்லை.

யானை வேலியை யோசிச்சுப்பார். அதுவும் சோலர்தான். செக்கனுக்கு ஒருக்கா ஆயிரக்கணக்கான வோல்ற்றில ஒரு தட்டு, யானை பயந்து விலகும், ஆருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. நல்ல சாமான். மழை பெய்ஞ்சு புல்லு வளர்ந்து கம்பியில முட்டும், தட்டெல்லாம் நிலத்துக்குள்ள வடியும், 12 வோல்ற் பற்றரி விடியிறதுக்கு முதலே இறங்கிப்போகும். பனல் மேல பளபளவெண்டு நிக்கும், யானை கீழ நெல்லுக்குள்ள நிக்கும். அதுக்குப் பிறகு ஆரோ ஒருத்தன் வீட்டுக் கரண்டை நேர கம்பியில குடுக்கிறான். அதில யானையும் சாகுது, ஆக்களும் சாகினம். மலிவான பற்றரியும் வெட்டாத புல்லும் சேர்ந்தால் செலவு எங்க போய் நிக்குது பார்.

இனி நான் உண்மையில எழுத வந்த விசயம். அந்த எட்டும் செத்தாப் பிறகு என்ன செய்வியள்? ஒண்டு ஐம்பது கிலோவுக்கு மேல நிறுக்கும். அதில அரைவாசிக்கு மேல ஈயம். எட்டிலயும் கால் தொன் அளவு ஈயம், நூறு லீற்றர் அளவு அமிலம். பழைய இரும்பு வாங்குறவன் வந்தால் தண்ணியை ஊத்திப்போட்டுத் தா எண்டுதான் கேப்பான், நிறை பாக்க அவனுக்கு அது லேசு. எங்க ஊத்துவினம்? முன்பள்ளிக்குப் பின்வளவில. அது தனி அமிலம் இல்லை, தகட்டில இருந்து உதிர்ந்த ஈயச் சேறும் அதுக்குள்ள இருக்கு. அந்த மண்ணிலதான் பிள்ளையள் சோறு கறி ஆக்கி விளையாடுங்கள்.

கூட்டிச் சொல்லுறன் எண்டு நினைக்காத. செனகல் நாட்டில டக்கார் நகரத்துக்குப் பக்கத்தில தியாரோய் எண்டு ஒரு கடற்கரை ஊர். பழைய பற்றரியை உடைச்சு ஈயம் எடுத்த மண்ணைச் சனம் வீட்டுக்குக் கொண்டுபோய் அரிச்சு மிச்ச ஈயம் எடுத்தது. 2007 கடைசியில இருந்து 2008 பங்குனிக்குள்ள 18 பிள்ளையள் செத்தது. சாகாததுகளுக்கும் மூளையில பாதிப்பு. ஈயத்துக்கு இவ்வளவு மட்டும் பறுவாயில்லை எண்ட அளவே பிள்ளையளின்ர உடம்பில இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. புகையில்லாத மின்சாரம் எண்டு நோட்டீசில அடிச்சிருக்கிறியள். புகை இல்லைத்தான்.

உன்ர மூத்தவன் உடன லிதியம் போடுங்கோ எண்டு சொல்லுவான். சொல்லட்டும், பாதி சரி. லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகை எண்டால் தண்ணி விடத் தேவையில்லை, எண்பது வீதம் இறக்கலாம், ஈயமும் இல்லை. ஆனால் உள்ளுக்க இருக்கிற காவல் போர்ட் செத்தால் செல் நல்லா இருந்தும் முழுப் பெட்டியும் செத்தமாதிரித்தான். அதைத் திறந்து திருத்தத் தெரிஞ்ச கை எங்கட பக்கம் குறைவு. காரில ஓடிக் களைச்ச செல்லுக்குப் புது உறை போட்டு விக்கிற வேலையும் உலகம் முழுக்க நடக்குது. வாங்கினால் காசு குடுக்க முதல் இதைச் செய்யச் சொல்லு: 51.2 வோல்ற் 100 அம்பியர்-மணிப் பெட்டியை முழுசா ஏத்தி, 500 வாற் சுமை குடுத்து மணிக்கூட்டைப் பார்க்கிறது. ஒன்பது மணித்தியாலம் அளவில நிக்கவேணும். ஆறில விழுந்தால் திருப்பி ஏத்தி அனுப்பு.

இப்ப மோட்டருக்கு வாறன். இதுக்குத்தான் உங்கட சங்கத்தில ஒருத்தரும் கிணத்தை எட்டிப் பாக்கேல்லை எண்டு எனக்குக் கோவம். பதினைஞ்சடி அகலக் கிணத்தில ஒரு அடித் தண்ணி எண்டால் 5,000 லீற்றர். 2 குதிரைவலு மோட்டர் முப்பதடி உயரத்துக்கு மணித்தியாலத்துக்கு 20,000 லீற்றர் அளவில தூக்கும். அதாவது மணிக்கு நாலடி. ஆவணி, புரட்டாசியில எட்டடித் தண்ணி நிண்டால் ரெண்டு மணித்தியாலம், பிறகு சேறு. தண்ணி இல்லாமல் ஓடினால் மோட்டரின்ர சீல் எரியும், அது வேற செலவு.

மண்ணெண்ணை மிசினும் அவ்வளவு தண்ணி இறைக்குந்தானே எண்டு கேப்பாய். இறைக்கும். ஆனால் ஊத்துற ஒவ்வொரு போத்தலுக்கும் காசு, அதால நிப்பாட்டுவான். 2022 ஆவணியில மண்ணெண்ணை 87 ரூபாயில இருந்து 340க்கு ஏறினபோது சனம் சோலர் பக்கம் பாத்ததில பிழையே இல்லை. ஆனால் கிணத்தை இவ்வளவு காலமும் காத்தது அந்த எண்ணைக் காசுதான். வெய்யிலுக்குக் காசில்லை, சுவிச்சை ஆர் நிப்பாட்டப் போறான்? பூநகரி, முல்லைத்தீவுக் கரைப்பக்கம் எண்டால் கூட இறைக்க உவர் ஏறும், ஏறின உவர் லேசில இறங்காது. இந்தியாவில இதே பிரச்சினைக்குக் குஜராத்தில துண்டி எண்ட ஊரில ஒரு வழி பாத்தவை. கொழும்புப் பக்கம் தலைமையகம் வைச்சிருக்கிற சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம்தான் பின்னுக்கு நிண்டது. 2016 அளவில கமக்காரர் கூட்டுறவாச் சேர்ந்து, இறைக்காத நேரத்துக் கரண்டை மின்சாரசபைக்கு வித்தவை. இறைக்காமல் விட்டால் காசு எண்டு வந்தாப் பிறகு மோட்டரை நிப்பாட்டக் காரணம் இருக்கு.

எங்களுக்கு அது வேண்டாம், இது குடிதண்ணி. அறுபது குடும்பம், ஆள் முன்னூறு, ஆளுக்கு ஐம்பது லீற்றர், நாளுக்கு 15,000. கிணத்தில மூண்டடி. இதுக்கு அரைக் குதிரைவலு மோட்டர் காணும்! தாங்கி உயரத்தையும் சேர்த்து ஐம்பதடி தூக்கினாலும் மணிக்கு 3,600 லீற்றர் அளவு தரும், ஐஞ்சு மணித்தியால வெய்யிலில அலுவல் முடிஞ்சுது. நாலு பனல், ஒரு பம்ப் கொன்ரோலர், பற்றரி பூச்சியம். மிச்சக் காசுக்கு 5,000 லீற்றர்த் தாங்கி ரெண்டு. நிறைஞ்சால் பத்துத் தொன், அதால கொங்கிறீற் மேடையில கஞ்சத்தனம் பிடிக்காத. ராவைக்கு வேணுமெண்டது கரண்ட் இல்லை, தண்ணி. தண்ணியை மேல ஏத்தி வைச்சால் அது வெக்கைக்குக் கெடாது, சல்பேற்று பிடிக்காது, செத்தால் மண்ணை நஞ்சாக்காது. கிணத்துக்குள்ள ஒரு மட்ட உணரி, தாங்கிக்குள்ள ஒரு மிதவை, ரெண்டும் மோட்டரைத் தானா நிப்பாட்டும். மாரி மூட்டத்துக்குப் பழைய மண்ணெண்ணை மிசின் அங்கயே நிக்கட்டும், வித்துப்போடாதையுங்கோ.

முன்பள்ளிக்கும் வாசிகசாலைக்கும் லைன் கரண்ட் இருக்கு. கூரையில பூட்டி மின்சாரசபைக்கு வித்துச் சம்பாதிப்பம் எண்டு எழுதியிருந்தாய். அந்த வகை இன்வேட்டர் லைன் நிண்டால் தானும் நிண்டுபோகும், கம்பியில வேலை செய்யிறவன் சாகக்கூடாதெண்டு அப்பிடித்தான் செய்திருக்கு. ஆக, கரண்ட் போனால் வெய்யிலுக்குள்ள பனலோட இருட்டில இருப்பியள். விலையும் நிலையில்லை: 2016இல முதல் ஏழு வருசம் யூனிற்றுக்கு 22 ரூபா, பிறகு 15.50 எண்டு தொடங்கினது, பிறகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டது. பழி குரங்குக்கு. ஞாயிறு பகலில பாவனை குறைவு, சோலர் அதிகம், மின்நிலையங்களில பாரமாச் சுத்துற எந்திரங்கள் குறைவு, ஒரு அடி விழேக்க லைன் தாங்கேல்லை எண்டதுதான் உள்விசயம். அதே வருசம் சித்திரை வருசப்பிறப்புக்குக் கூரைச் சோலரைப் பின்னேரம் மூண்டு மணி வரைக்கும் நிப்பாட்டுங்கோ எண்டு சபையே கேட்டது. நிப்பாட்டின வீட்டுக்காரனுக்கு அந்த நாளெல்லாம் பெரும்பகுதி வருமானம் இல்லை.

   

பூட்ட வாறவையிட்டக் கேக்கவேண்டியது சிலது இருக்கு, குறிச்சு வை. பனல் பக்கம் ஓடுறது டீசி, ஒரே திசையில ஓடுற கரண்ட். வீட்டு லைனில வாற ஏசி கரண்ட் திசை மாறி மாறி ஓடுறதால செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்தைத் தொடும், அதால பொறி பறந்தாலும் அணைஞ்சுபோகும். டீசி தொடாது, பிடிச்ச பொறி எரிஞ்சுகொண்டே நிக்கும். அதுக்கு வீட்டுப் பிரேக்கரைப் போட்டால் பிரேக்கரே தீப்பெட்டி. டீசி எண்டு எழுதினதுதான் வேணும், சிலதில கூட்டல் கழித்தல் பக்கம் மாறினாலும் எரியும். இணைப்பான் ரெண்டு பக்கமும் ஒரே கொம்பனி, குறட்டால நசிக்காமல் அதுக்குரிய கருவியால நசிக்கவேணும். வயர் சோலர் வயர், வீட்டு வயரின்ர தோல் வெய்யிலில வெடிக்கும். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் எங்கட இடி தெரியுந்தானே, மின்னல் காப்பு கட்டாயம். எர்த் கம்பியை ஆடி மாசத்தில அளக்கச் சொல்லு, மாரி ஈரத்தில எல்லா எர்த்தும் நல்லாத்தான் காட்டும். பனலைக் குறைஞ்சது பத்துப் பாகை சரிச்சு தெற்குப் பார்க்க வைக்கவேணும், இல்லாட்டி மயில் எச்சம் மழைக்கும் கழுவுப்படாது. எச்சம் மூடின செல் சூடேறி அந்த இடம் கருகும்.

காசு விசயம்: சேர்ந்ததில மூண்டில ஒண்டை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின்ர பேரில வங்கியில நிலையான வைப்பில போடுங்கோ. ஆம்பிளையளின்ர சங்கத்தில வேண்டாம், ஏனெண்டு உனக்குத் தெரியும். வீட்டுக்கு மாசம் ஒரு சின்னத் தொகை. கொன்ரோலரும் மோட்டரும் மாத்துற வருசம் கட்டாயம் வரும். 'பியூஸ்' அண்ணை பாக்கிறன் எண்டு முன்னுக்கு வருவார், அவரைக் கிட்டவும் விடாத. மாஸ்ரரின்ர ரெண்டாவது பெட்டை தொழிநுட்பக் கல்லூரியில மின்னியல் முடிச்சிட்டு வீட்டில நிக்கிறாள், அவளுக்கு மாசச் சம்பளம் எழுதுங்கோ.

சங்கக் கூட்டம் எப்ப எண்டு உடன எழுது. அதுக்கு முதல் கிணத்தின்ர ஆழம், இப்ப நிக்கிற தண்ணி, இறைச்சு முடிச்சுத் திரும்ப ஒரு அடி ஊற எடுக்கிற நேரம் மூண்டையும் அளந்து அனுப்பிவிடுறன். அந்த எட்டுப் பற்றரிக்கும் முற்காசு இன்னும் கட்டேல்லை எண்டால் கட்டாதையுங்கோ.

அன்புடன்,
உன்ர மச்சான்