அப்பாவுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

கடலூர் முதுநகர் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் காரியம் நல்லபடியாக முடிந்தது. நேரில் வந்தவர்கள், வர முடியாமல் போனில் அழுதவர்கள், அன்று கடையடைத்த பஜார் வியாபாரிகள், பந்தலுக்குப் பணம் வாங்க மறுத்தவர், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பிய தெருக்காரர்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள், எல்லாவற்றையும் அப்பா தனி ஆளாகச் செய்தது போலப் பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்பா இருந்திருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பார். 2004 சுனாமியின்போது சோனாங்குப்பத்துக்கும் சிங்காரத்தோப்புக்கும் கடைச் சரக்கை எடுத்துக் கொடுத்தது அவர். கொண்டுபோய்ச் சேர்த்தது கடைப் பையன்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்தபோது ஊரில் கரண்ட் இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தார்ப்பாய்க்கும் சிமென்ட் ஷீட்டுக்கும் என்ன விலை சொன்னாலும் வாங்க ஆள் இருந்த நேரம் அது. அப்பா கொள்முதல் விலைக்கே கொடுத்தார், கையில் காசில்லாதவர்களுக்குக் கடனாக. சரி, கொடுத்தது அவர். மரத்தை அறுத்து வழி உண்டாக்கி, அந்த ஷீட்டுகளை ஊர் ஊராக இறக்கியது யார்? வாடகை கேட்காத லோடு ஆட்டோ அண்ணன்களே, உங்கள் பெயர் எந்த மேடையிலும் வந்ததில்லை. இங்கே போட்டாலும் திட்டுவீர்கள் என்பதால் போடவில்லை.

அந்தக் கடனை அடைக்கிறேன் என்று, துக்கம் கேட்க வந்த இடத்திலேயே சிலர் பணத்தை நீட்டினீர்கள். பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். புயல் சமயத்துக் கடன் எதையும் அப்பா ஏற்றவே இல்லை. அவர் எழுதாததை நாங்கள் எப்படி வாங்குவது? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மருந்துக்கடை அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. அப்பா கண்தானத்துக்குப் பதிவு செய்திருந்தார். அந்த அழுகைக்கு நடுவே ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு இன்னொரு தலையணை கொடுத்து, கண் வங்கிக்குப் போன் போட்டவர் அவர்தான். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பது எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்கே வந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். முகம் விகாரமாகிவிடுமோ என்று பயந்த அத்தை, அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் வங்கி ஊழியர்களுக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

கடை வழக்கம்போல் திறந்திருக்கிறது. ரத்தம் வேண்டும் என்று ராத்திரியில் அப்பாவைக் கூப்பிட்டுப் பழகியவர்கள் அதே எண்ணுக்குக் கூப்பிடலாம். போனும் கொடையாளர் பட்டியலும் இப்போது தம்பியிடம். பட்டியலில் இருப்பவர்களில் யாருக்காவது நம்பர் மாறியிருந்தால் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
குடும்பத்தார்