புல்லட் டைமிங்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. அவளை அனுப்பிவிட்டு வந்ததிலிருந்து உன் தங்கச்சிக்கு இரண்டு பேருக்குச் சமைக்க அளவே பிடிபடவில்லை. தினமும் சாம்பார் மிஞ்சுகிறது.

அப்பாவின் புல்லட்டைத் தூசு தட்டி எடுத்தாய் என்றதும் பாதிக் கடிதத்தை விட்டுவிட்டு அந்தப் பத்திக்குத்தான் போனேன். கிக்கர் திருப்பி அடிக்கிறது, மேடு ஏறும்போது நாக்கிங் சத்தம் வருகிறது என்கிறாய். டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரம், ரொம்ப முன்னால் இருக்கிறது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். பட்டறைக்காரர் காதால் கேட்டே வைத்துவிட்டார் என்று வேறு எழுதியிருக்கிறாய். காதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காது கடைசியில் சரிபார்க்கத்தான், தொடங்குவதற்கு அல்ல. தவிர, திருப்பி அடிக்கிற புல்லட் கணுக்காலை உடைத்துவிடும். சரிசெய்யும்வரை உதைக்காதே.

முதலில் பாயிண்ட் கேப், அதாவது திறந்து மூடிப் பொறியை விழவைக்கும் இரண்டு தொடுமுனைகளும் திறக்கும்போது நடுவே விழும் இடைவெளி. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் கொண்டு வா. டைமிங்கை வைத்துவிட்டு அப்புறம் கேப்பைத் தொட்டால் எல்லாம் வீண். கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். குறைந்தால் பின்னால் போகும். உன் வண்டியில் யாரோ கேப்பை அகலமாக வைத்திருந்தாலே பாதிக் கோளாறு அதுதான். அங்கேயே, வேகம் கூடக்கூடப் பொறியை முன்னுக்குத் தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் குண்டுகளையும் விரலால் விரித்து விட்டுப் பார். ஸ்பிரிங் தானாக இழுத்துக்கொள்ள வேண்டும். பல வருஷம் நின்ற வண்டி, துருப்பிடித்து விரிந்தபடியே நின்றிருக்கலாம். அப்படி நின்றாலும் இதே உதைதான் விழும்.

அடுத்தது டிடிசி (டாப் டெட் சென்டர்), பிஸ்டன் உச்சிக்கு ஏறி நிற்கும் இடம். பிளக் ஓட்டைக்குள் ஸ்போக் கம்பியை விட்டு, அது மேலே வந்து நிற்கும் இடம்தான் டிடிசி என்று பலரும் வைத்துக்கொள்கிறார்கள். ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் நிற்பதுபோல பிஸ்டனும் அங்கே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நம் புல்லட் 350இல் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ. ஆனால் உச்சிக்கு முன்னும் பின்னும் 5 டிகிரிக்கு, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் திரும்பினாலும் பிஸ்டன் 0.2 மி.மீ. அளவுக்குத்தான் நகரும். எந்தக் கண்ணுக்கு அது தெரியும்? போதாக்குறைக்குப் பிளக் ஓட்டை சாய்வாக இருக்கிறது. கம்பி நகர்கிற தூரமும் பிஸ்டன் நகர்கிற தூரமும் ஒன்றல்ல.

அதனால் உச்சியை உச்சியில் தேடாதே. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே ஒரு போல்ட்டைப் பற்றவைத்து வாங்கிக்கொள். முனை உருண்டையாக இருக்கட்டும், பிஸ்டனைக் கீறக் கூடாது. இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, நடுவிலுள்ள நட்டை எடுத்தால் பிரைமரி கவர் வந்துவிடும். அடியில் தட்டு வை, ஆயில் கொட்டும். கிராங்க் முனையிலுள்ள ரோட்டர் நட்டில் ஒரு டிகிரி வட்டத்தை மாட்டு. பள்ளிக்கூடக் கோணமானி இரண்டை ஒட்டினாலும் போதும். கம்பி ஒன்றை முள்ளாக வளைத்து வை. இப்போது பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் இடத்தில் அந்த போல்ட்டை மாட்டி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பு. முட்டும் இடத்தைக் குறி. பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, முட்டும் இடத்தைக் குறி. ஒருபக்கம் 34, மறுபக்கம் 42 என்று வந்தால் இரண்டும் 38 ஆகும்வரை முள்ளை வளை. அந்தப் பூஜ்ஜியம்தான் டிடிசி. முட்டியதும் பலம் கொடுக்காதே. முட்டுவது வால்வாகவும் இருக்கலாம்.

போல்ட்டை எடுத்துவிட்டு, அது கம்ப்ரஷன் பக்கத்து (கலவை அழுத்தப்படும் சுற்றின்) டிடிசிதானா என்று பார்த்துக்கொள். இரண்டு சுற்றில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. டேப்பட் கவரைத் திறந்தால், வால்வுகளைத் திறக்கத் தள்ளும் இரண்டு புஷ் ராடும் விரலால் திருகினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆறிய இன்ஜினில் டேப்பட் இடைவெளிக்கும் அளவு அதுவேதான். இரண்டு வேலை ஒரே திறப்பில் முடிந்தது.

350க்கு டைமிங் டிடிசிக்கு 0.8 மி.மீ. முன்னால், அட்வான்ஸ் குண்டுகள் சுருங்கிய நிலையில். வட்டத்தில் அது 9, 10 டிகிரி வரும். மிச்ச அட்வான்ஸை ஓட்டத்தில் குண்டுகள் விரிந்து கொடுத்துவிடும். 3000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி திரும்ப ஒரு விநாடியில் 18,000இல் ஒரு பங்குதான் ஆகும். பெட்ரோல் எரிவதற்கு நேரம் வேண்டாமா? அதனால்தான் பொறி முன்னாலேயே விழ வேண்டும். இன்ஜினைச் சற்றுப் பின்னுக்குத் திருப்பி, ஓடும் திசையிலேயே அந்தக் குறிக்குக் கொண்டு வா. இல்லாவிட்டால் கியர்களுக்கு இடையிலுள்ள ஆட்டம் உன்னை ஏமாற்றும். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பிளேட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பாயிண்ட் நடுவே சிகரெட் தாளை வைத்து, பிளேட்டைத் திருப்பி, தாள் மெல்ல நழுவும் இடத்தில் ஸ்க்ரூவை முறுக்கு. சாவியைப் போட்டால் ஆம்மீட்டரும் சொல்லும்: மைனஸ் பக்கம் சாய்ந்திருந்த முள், பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் துள்ளும். பிளேட் ஒரு டிகிரி நகர்ந்தால் கிராங்க்கில் இரண்டு டிகிரி, ஞாபகம் வை.

ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது. இழுவை மந்தமாகி சைலன்சர் பைப் நீலம் பாய்ந்தால் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம், துளி முன்னுக்குத் தள்ளு. கன்டென்சர் பழையது என்றால் சொல், என்னிடம் புதிதாக ஒன்று இருக்கிறது, கூரியரில் போடுகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருவோம். அதற்குள் இன்ஷூரன்ஸைப் புதுப்பித்து வை.

அன்புடன்,
உன் மச்சான்