மெம்பருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களை வாழ்த்தி எங்கள் பக்கம் வைக்கும் பிளெக்ஸ் போர்டுகளில் "24 மணி நேரமும் மக்கள் பணியில்" என்ற வரி தவறாமல் இருக்கிறது. எங்கள் வார்டு மெம்பர் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறார். அதைப் பக்கத்து லயத்திலிருந்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) தினமும் பார்க்கிற எனக்கு அந்த வரியைப் படித்தாலே கவலையாக இருக்கிறது.

மூணாறுப் பக்கம் எஸ்டேட் வார்டில் விடியற்காலையிலேயே தண்ணீர் வரவில்லை என்று போன் ஆரம்பிக்கும். பகலில் பென்ஷன் விண்ணப்பம், குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுவின் கூட்டம், மலையாளத்தில் வந்த நோட்டீஸைப் படித்துச் சொல்லக் கேட்டு நாலு பேர். ராத்திரி காட்டு யானை படையப்பா லயத்துப் பக்கம் வந்துவிட்டால், வனத்துறையைக் கூப்பிடுவதற்கு முன்னால் மெம்பரைத்தான் கூப்பிடுகிறோம். அவரும் டார்ச்சோடு வந்து நிற்கிறார். கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்பது நமக்குப் பெருமை. ஆனால் எங்கள் மெம்பருக்கு வீட்டு அடுப்பும் அவர் வேலைதான்.

போன கிராம சபையில், பென்ஷன் ஏன் நின்றது என்று கேட்ட ஒரு பாட்டியிடம் அவர் சத்தம் போட்டுவிட்டார். மைக்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பதவி வந்ததும் திமிர் வந்துவிட்டது என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். முந்தின ராத்திரி முழுக்க, பிரசவ வலி வந்த ஒரு பெண்ணோடு ஜீப்பில் போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1990களிலேயே ஆய்வாளர்கள் பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03தான். அந்த நிலையில் இருப்பவரிடம் ஜீப் சாவியைக் கொடுக்க மாட்டோம். ஆனால் வீடு யாருக்கு, ரோடு எதற்கு என்று முடிவெடுக்கச் சொல்கிறோம்.

கூலிக்கும் போனசுக்கும் 2015இல் தோட்டத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடிய ஊர் இது. வாரம் ஒரு நாள் ஓய்வு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. தேயிலைச் செடியையே நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டிச் சில மாதம் சும்மா விடுகிறோம். நாமே ஓட்டுப் போட்டு அனுப்பிய மனுஷிக்கு அது கூடக் கிடையாதா?

2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேரை இழந்தோமே, அன்று மெம்பர் லீவில் இருந்தால் சரியா என்று கேட்பார்கள். சரியில்லைதான். அப்படி ஒரு நாளில் ஓடுவதற்கு உடம்பில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். காந்தி திங்கட்கிழமைகளில் மௌன விரதம் இருந்தார். அதனால் சுதந்திரப் போராட்டம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். பொங்கலுக்கு இடுக்கி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டபோது மெம்பர் போடிமெட்டு வழியாக இறங்கித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். அன்று பார்த்துக் குழாய் உடைந்தது. வார்டு அளவில் குடும்பஸ்ரீ குழுக்களைச் சேர்த்து நடத்தும் ஏ.டி.எஸ். அமைப்பின் செயலாளர் தானே எஸ்டேட் ஆபீசில் பேசி, ஆளைக் கூட்டி வந்து சாயங்காலத்துக்குள் சரி செய்தார். மெம்பர் ஊரில் இருந்திருந்தால் அந்தச் செயலாளர் வாயே திறந்திருக்க மாட்டார். அடுத்த தலைவர் இப்படித்தானே உருவாக முடியும்?

ஆகவே ஒரு கோரிக்கை. எஸ்டேட்டின் ஒவ்வொரு டிவிஷனிலும் தொழிலாளர்களுக்கு ஆஜர் எடுக்கும் மஸ்டர் பக்கத்தில் ஒரு போர்டு வையுங்கள். கரண்டுக்கு 1912, ஆம்புலன்சுக்கு 108, யானைக்கு வனத்துறையின் எண். ஞாயிற்றுக்கிழமை மெம்பரின் போன் ஏ.டி.எஸ். செயலாளரிடம் இருக்கட்டும், அவருக்கும் மாற்று ஆள் இருக்கட்டும். அடுத்த கிராம சபையில் இதை நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். மற்ற வார்டு வாசகர்களும் எழுதிக் கொடுத்தால் பஞ்சாயத்துக் கமிட்டியில் எடுத்துப் பேசச் சொல்லலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவிகுளம் தாலுகா, இடுக்கி மாவட்டம்