விண்ணப்பத்தில் அந்த இரண்டு வரிகள்

டர்பன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க் விமான நிறுவனம் விமானி வேலைக்கு உன்னை விண்ணப்பிக்கச் சொல்லியிருப்பதை அறிந்து அம்மாவும் நானும் மிகவும் மகிழ்ந்தோம். ஆனால், கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் தகுதிக்கான இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் தேர்வில் நீ முதல் முறை தேறாமல் போனதையும், போட்ஸ்வானாவின் மவுன் நகருக்குப் போகுமுன் சில மாதங்களே வேலை பார்த்த இடத்தையும் எழுதாமல் விடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், மகளே. இரண்டையும் எழுது.

2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்கு அருகே அட்லஸ் ஏர் சரக்கு விமானம் ஒன்று விழுந்து, அதிலிருந்த மூவரும் மாண்டார்கள். அதன் துணை விமானி, முன்பு குறுகிய காலமே இருந்த நிறுவனங்களையும் அங்கே பயிற்சியில் தேறாததையும் விண்ணப்பத்தில் மறைத்திருந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது. பழைய நிறுவனங்களிடமிருந்து பதிவுகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் 1996 முதலே இருந்தது; எனினும் யாரைக் கேட்பது என்பதற்கு, விண்ணப்பித்தவர் எழுதித் தந்ததையே பெரும்பாலும் நம்ப வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸில் போலி உரிமத்துடன் பல ஆண்டுகள் பறந்த ஒருவரைப் பற்றிய செய்தி அதே 2019இல் வெளிவந்தது. காகிதத்தை மட்டும் நம்புகிறவர்கள் இப்போது குறைவு.

இங்கே டர்பனின் விர்ஜீனியா விமானதளப் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நற்சான்றுக் கடிதத்தைவிடத் தொலைபேசிப் பேச்சுக்கே மதிப்பு அதிகம். சீஃப் பைலட் ஒருவர் தமக்குத் தெரிந்த இன்னொருவரை அழைத்து, "இவரை மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்பார், பதில் வரச் சற்றுத் தயங்கினாலே அவருக்குப் புரிந்துவிடும். எங்களைப் போன்ற மெக்கானிக்குகளையும் விசாரிப்பதுண்டு. பிரேக் மிதி தொய்வாக இறங்குகிறது என்று விமானத்தின் கோளாறுகளைப் பதியும் டெக்னிக்கல் லாகில் எழுதிக் கையெழுத்திட்டவர் யார், எழுதினால் விமானம் நின்றுவிடுமே என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நழுவியவர் யார் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். முதல்வகை விமானிகளைப் பற்றிக் கேட்டபோது நான் ஒருநாளும் தயங்கியதில்லை.

ஆகவே, மவுனில் உன் சீஃப் பைலட்டின் பெயரைக் கொடுக்குமுன் அவரிடம் நேரில் சொல்லிவிடு. வேறு யாரோ சொல்லி அவர் அறியக் கூடாது. அங்கே ஒகவாங்கோ டெல்டாவில் சுற்றுலாப் பயணிகள் நிறையும் மாதங்களில் பாதியில் விட்டு வராமல், நோட்டீஸ் காலம் முடியும்வரை பறந்துவிட்டு வா. புது நிறுவனம் அவசரப்படுத்தினால், அதையும் அவரிடமே சொல்லிக் கேள்; சம்மதித்தால் நல்லது.

தேறாத தேர்வின் தேதி, எந்தப் பகுதியில் தவறியது, மறுதேர்வில் தேறிய தேதி, இவை போதும். காற்று பலமாக இருந்தது, தேர்வாளர் கடுமையானவர் என்று காரணம் எதுவும் சேர்க்காதே. நேர்காணலில் கேட்டால், அதன்பின் நீ என்ன பயிற்சி செய்தாய் என்பதைச் சொல். உன் பழைய லாக்புக் இங்கே அலமாரியில் இருக்கிறது. தேதிகளைப் பார்த்து இன்றிரவே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா