கதிர்வீச்சுக்குத் தேதி குறிக்கும் முன்

கருப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வந்தது. கருப்பையை எடுத்தார்கள். முதல் நிலைதான், ஆனால் ரிப்போர்ட்டில் 'கிரேடு 3', அதாவது செல்கள் மிகவும் உருமாறிய வகை, என்றிருந்ததால் ஐந்து வாரம் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அம்மா இன்று நம்மோடு இருக்கிறார், அதற்கு என்றும் நன்றி. ஆனால் கதிர்வீச்சுக்குப் பின், வழியில் கழிவறை இருக்குமா என்று தெரியாமல் பஸ் ஏறமாட்டார். கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதில்லை.

அந்தக் கதிர்வீச்சு அவருக்குத் தேவைப்பட்டதா? எங்களுக்குத் தெரியாது. அம்மாவின் கட்டியில் 'போல்-ஈ' மரபணுவை யாரும் பார்க்கவில்லை.

செல் பிரியும் முன் டிஎன்ஏவைப் படியெடுக்கும் புரதங்களில் ஒன்று பாலிமரேஸ் எப்சிலான். எழுதிக்கொண்டே தன் பிழையைத் தானே திருத்தும். அதற்கான மரபணுதான் போல்-ஈ. திருத்தும் பகுதி பழுதானால் கட்டியின் டிஎன்ஏவில் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. அந்தக் கட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பயமுறுத்தும், பெரும்பாலும் கிரேடு 3 போலவே. ஆனால் இத்தனை பிழை உள்ள செல்லை உடம்பின் எதிர்ப்பு சக்தி எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறது என்கிறார்கள். கருப்பைப் புற்றுநோய் சிகிச்சை பற்றிய போர்டெக்-3 ஆய்வில், கட்டியில் போல்-ஈ இப்படிப் பழுதானவர்களில் சுமார் 98 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பவில்லை. அவர்கள் எல்லோரும் கதிர்வீச்சு பெற்றவர்கள்தான், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 2021இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், முதல் இரண்டு நிலைகளில் இந்த மாற்றம் இருந்தால் அறுவைக்குப் பின் வேறு சிகிச்சை தராமல் விடுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. 2023இல் மகளிர் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ, புற்றுநோயின் நிலை வகைப்பாட்டிலேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டது.

இந்த வகை குறைவுதான், நூறில் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். கட்டியில் வழக்கமாகப் பார்க்கும் பி53 புரதத்தைப் போல ஸ்லைடில் சாயமேற்றிப் பார்க்கவும் முடியாது, மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். செலவு உண்டு. ஆனால் மாற்றங்கள் பெரும்பாலும் மரபணுவின் ஒருசில இடங்களில்தான் வருகின்றன, அங்கே பார்த்தாலே போதும்.

சிகிச்சையை முடிவு செய்யும் உங்கள் ட்யூமர் போர்டில் கிரேடு 3 என்று ஒரு பெண்ணின் ரிப்போர்ட் வந்தால், கதிர்வீச்சுக்குத் தேதி குறிக்கும் முன் அவருடைய கட்டியின் துண்டைப் பதப்படுத்தி வைத்த பாரஃபின் பிளாக்கைப் போல்-ஈ பரிசோதனைக்கு அனுப்புங்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்பதை அவர் வீட்டாரிடமும் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்திருந்தால் நாங்களே கேட்டிருப்போம்.

இப்படிக்கு,
ஒரு மகள்