கோவலன் கடனுக்கு யார் ஜாமீன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய காப்பியங்களில் தவறான வழியில் போனவன் தண்டனை பெற்றான், நல்வழிக்குத் திரும்பியவன் நலம் பெற்றான். இக்கால நாவல்களோ தவறு செய்தவர்களை நோகாமல் அனுப்பிவைக்கின்றன, பிள்ளைகள் கெடுவது அதனால்தான் என்கிறார் கட்டுரையாளர். சாட்சிக்குச் சிலப்பதிகாரத்துக் கோவலனை அழைத்திருக்கிறார். நான் பூம்புகாருக்குப் பக்கத்தில் பிறந்து, பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டு, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கோவலன் பெயரை யார் எடுத்தாலும் எனக்குக் காது நீண்டுவிடும்.

கோவலன் மாதவி வீட்டில் இருந்தவரை அவன் உயிருக்கு ஒரு தீங்கும் வரவில்லை. குன்று போன்ற செல்வம் கரைந்தது, ஊரில் பேச்சு வந்தது, அவ்வளவுதான். கடற்கரையில் மாதவி பாடிய கானல்வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அவளை மாயத்தாள் என்று முடிவுகட்டி எழுந்து மனைவியிடம் வந்தானே, கட்டுரையாளர் மதிப்பெண் போடுவதாக இருந்தால் அந்த ஒரு காரியத்துக்குத்தான் போடமுடியும். அந்தக் காரியம்தான் அவனை மதுரைக்கு நடத்திக் கொண்டுபோய் வெட்டுப்பட வைத்தது. திரும்பாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். இளங்கோவடிகள் இதை அறியாமல் எழுதியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

திரும்பி வந்தவன், பொருளையெல்லாம் தொலைத்த வறுமை எனக்கு வெட்கத்தைத் தருகிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் வருந்துகிறான் என்று எண்ணிக்கொண்டே கண்ணகி பதில் சொன்னதாக உரை சொல்வார்கள். அந்தப் பதில், சிரித்த முகத்தோடு, 'சிலம்புள கொண்ம்.' சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வரியை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் சங்கத்து வராந்தாவில் கேட்டுவிட்டேன். புருஷன் கவுன்டரில் நின்று பாரத்தில் கையெழுத்துப் போடுவார். மனைவி வெளியே வேப்ப மரத்தடியில் நிற்பார், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கும். நகை மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைத்துப் பார்த்து எடை போடும்போது சில பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பயிர் பொய்த்தாலும் புருஷன் குடித்தாலும் ஏல அறிவிப்பு ஒரே மாதிரியாகத்தான் அச்சாகும். எங்கள் பதிவேட்டில் கடன் பெற்றவர் பெயருக்குக் கட்டம் உண்டு, எடைக்கு உண்டு, வட்டிக்கு உண்டு. நகை யார் கழுத்திலிருந்து வந்தது என்பதற்குக் கட்டம் கிடையாது. ஜாமீன் கையெழுத்தும் இந்த ரகம்தான். வாங்கிச் செலவழித்தவர் திருப்பூரில் இருப்பார், நோட்டீஸ் மச்சான் வீட்டுக் கதவில் ஒட்டப்படும்.

இலக்கியத்தில் நான் தேடிப் படிப்பது அந்த விடுபட்ட கட்டத்தைத்தான். தேர்ந்தெடுப்பவர் ஒருவர், செலுத்துபவர் வேறொருவர். சிலம்பில் அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. பட்டிமன்றப் பேச்சாளர்கள், கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையோடு காளி வேடம் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதால் அது பலர் கண்ணில் படுவதில்லை. வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதை. கங்கைக் கரையில் சேர மன்னன் செங்குட்டுவன் முன்னால் மாடலன் என்ற மறையவன் பேசுகிறான். அவன் தலைச்செங்கானத்துக்காரன், எங்கள் பக்கத்துத் தலைச்சங்காடுதான் அது என்பார்கள். கோவலன் இறந்தபின் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். கோவலனின் தந்தை செல்வத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியானார். தாய் மகனை எண்ணி உயிர்விட்டாள். கண்ணகியின் தந்தை ஆசீவகத் துறவிகளிடம் போனார். அவள் தாயும் உயிர்விட்டாள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து இறந்தார். மாதவி பூவோடு கூந்தலையும் களைந்து துறவு பூண்டாள். மகள் மணிமேகலைக்குக் கணிகையர் கோலம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தை என்ன தேர்ந்தெடுத்தது? அரசியின் சிலம்பைத் திருடிப் பழியைக் கோவலன் மேல் போட்டவன் ஒரு பொற்கொல்லன். கொற்கையிலிருந்து வந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் பலி கொடுத்தது ஆயிரம் பொற்கொல்லர்களை. செய்தியைப் புகாருக்குக் கொண்டுபோய்ச் சொன்னதால் சிலர் இறந்தார்களே என்ற உறுத்தலில்தான் மாடலனே கங்கையில் நீராட வந்திருக்கிறான்.

இதில் மாதரியை நான் தனியாகச் சொல்லவேண்டும். மதுரையின் ஆயர்குலப் பெண். வெயிலில் நடந்து வந்த இருவருக்கு இடம் கொடுத்தாள், சமைக்க அரிசியும் காயும் தயிரும் நெய்யும் கொடுத்தாள். அடைக்கலமாக வந்தவர்களை இழந்தேனே என்று நள்ளிரவில் நெருப்பில் புகுந்துவிட்டாள். அவள் எடுத்த முடிவு வந்தவர்களுக்குச் சோறு போடுவது ஒன்றுதான். கட்டுரையாளரின் தராசில் இவளை எந்தத் தட்டில் வைப்பது?

ஊழ்வினை என்று சொல்லித்தானே இளங்கோ தப்பிக்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. நூலின் முன்னுரையான பதிகத்திலேயே 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்று இருக்கிறது. கோவலன் தன் முற்பிறவியில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று கொல்வித்த கதையும் பின்னால் வருகிறது. அந்தக் கதை எனக்கு எப்போதும் ஒட்டுப்போட்டது போலத்தான் தோன்றும். ஆனால் விதியை நம்பாமல் எங்கள் பக்கத்தில் விவசாயம் செய்யமுடியாது என்பதும் உண்மை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும் என்று நாற்று விட்டவர் தண்ணீர் வராத ஆண்டுகளில் முட்டாளாகிவிடுகிறாரா? 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, பார்த்துப் பார்த்து நட்டவர் சம்பாவும் கடனே என்று நட்டவர் சம்பாவும் ஒன்றாகத்தான் மூழ்கின. கவனியுங்கள், கோவலன் விதியின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. மாதவியின் ஓலையைப் படித்ததும் அவள் மேல் தீதில்லை, 'என் தீது' என்று உணர்கிறான். கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெற்றோர் சொல்லையும் கேட்கவில்லை, உனக்கும் சிறுமை செய்தேன் என்று கண்ணகியிடம் சொல்கிறான். அவளும் பரவாயில்லை என்று மழுப்பவில்லை. 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான், நீங்கள் அழைத்ததும் நான் எழுந்து வந்தது என் மனத்தால் என்கிறாள். அடுத்து அவன் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான். மன்னிப்புக் கேட்டதற்கு ஒரு நாள் சலுகைகூட கிடைக்கவில்லை.

இக்கால நாவல்கள் மீது சொன்ன குற்றத்துக்கு வருகிறேன். அவர் பெயர் சொல்லாமல் குத்தியது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலை என்று படித்தவர்களுக்குத் தெரியும். கணவன் அல்லாதவரோடு உறவு வைத்த அலங்காரம் தண்டிக்கப்படவில்லையாம். 1966-இல் வந்த புத்தகத்தின் மேல் இன்னும் இந்தக் கோபம். அவள் தன் பாவத்தைக் கழுவ மகன் அப்புவைக் காவிரிக்கரை வேத பாடசாலையில் கொண்டுபோய் விட்டாள். செலவு அவளுடையது, ஜாமீன் சிறுபிள்ளை. கணவர் தண்டபாணியோ எல்லாம் தெரிந்தும் தெரியாதவர் போலக் காலம் தள்ளுகிறார். அந்த மனிதரின் மௌனத்தைவிடப் பெரிய அபராதத்தை எந்த நீதிபதி விதிப்பார்? அப்பு அம்மாவுக்காக ரிஷியாக மறுத்து, தன்னை நேசிக்கும் இந்துவின் பக்கம் நின்றுகொள்கிறான். கடனை மகன் கட்டப்போவதில்லை என்று தெரிந்தபின் அலங்காரம் காசிக்குப் போகிறாள். இதை நோகாமல் அனுப்பிவைத்தது என்பவர் கடைசிப் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருக்கிறார்.

கெட்டவன் தண்டனை பெறுவதாகத்தான் எழுதவேண்டும் என்றால், எங்கள் டெல்டாவைப் பற்றி எழுதவே முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் தரப்பு கேட்டது கூடுதல் நெல் கூலி. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' இதைத் தொட்ட நாவல். காரணத்தைப் பண்ணையாரின் ஆண்மைக்குறைக்குள் தேடியது எனக்கு ஒப்பவில்லை, கூலி விவகாரம் அதில் பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் நடக்காத நீதியை நடந்ததாக எழுதி வாசகரை ஆறுதல்படுத்தும் வேலையை அது செய்யவில்லை, அந்த அளவுக்கு நன்றி.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் 'தவறு செய்தால் தண்டனை' என்று முடியும் கதைகளை மட்டும் கொடுக்கவேண்டும் என்ற யோசனையைக் கல்வித்துறை காதில் போட்டுக்கொள்ளாது என்று நம்புகிறேன். அதற்குப் பதிலாக, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு நீர்ப்படைக் காதையில் அந்த மாடலன் பேசும் பகுதியை எளிய உரையோடு உங்கள் ஞாயிறு பக்கத்திலேயே வெளியிடலாம். ஒரு பக்கத்தில் அடங்கும். இடப் பற்றாக்குறை என்று என் கடிதத்தைச் சுருக்குவதானால் என்னைப் பற்றி எழுதியதை வெட்டிக்கொள்ளுங்கள். மாதரியைப் பற்றிய வரிகளில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர்,
சீர்காழி வட்டம்.