உழைப்பால் உயர்ந்தவர் சரி, யாரோட உழைப்பாலன்னு ஒரு வரி போடுங்க

வரலாற்றுப் பலகை வைக்கிற கமிட்டி ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

கனடாவுல, வான்கூவர் தீவுல இருக்குற நம்ம நனைமோவுல நாங்க வாக்கிங் போற பாதையில போன மாசம் புதுசா ஒரு பலகை வச்சீங்க, ராபர்ட் டன்ஸ்முயர் படம் போட்டு. அவர் கதைய உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. 1851-ல ஸ்காட்லாந்துலேர்ந்து ஹட்சன்ஸ் பே கம்பெனிங்கிற பிரிட்டிஷ் வியாபாரக் கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தாரு, 1869-ல நனைமோ பக்கத்துல வெலிங்டன் நிலக்கரிய கண்டுபிடிச்சாரு, முதலாளி ஆனாரு, 1882-ல நனைமோவுல ஜெயிச்சு மாகாண சட்டமன்றத்துக்குப் போனாரு. செல்ஃப் மேட் மனுஷன்னு எழுதிருக்கீங்க. எங்க ஊர் போஸ்டர்ல உழைப்பால் உயர்ந்தவரேன்னு போடுவாங்க, அதே தான்.

எங்கப்பா நெய்வேலி சுரங்கத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, இங்க விசிட் வந்திருக்காரு. முழுசா படிச்சு சொல்லுடான்னாரு, சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஆளுங்க யாருடா வேலை பாத்தாங்க, அத எங்க போட்டிருக்கு?"ன்னாரு. பலகைக்குப் பின்னாடி கூட போய்ப் பாத்தேங்க, ஒண்ணும் இல்ல.

1888 ஜனவரியில வெலிங்டன் அஞ்சாம் நம்பர் சுரங்கம், அதாவது அவரோட சுரங்கம், வெடிச்சு 77 பேர் செத்தாங்களே, அது எங்க? அதுல நிறைய பேர் சீனாக்காரங்க. பக்கத்து வேலைக்கு வெள்ளக்காரங்க வாங்குன கூலியில பாதிக்கும் கம்மியா வாங்கிட்டு உள்ள இறங்குனவங்க. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் நனைமோவுல இன்னொரு சுரங்கம் வெடிச்சுது, அது டன்ஸ்முயரோடது இல்ல, வேற கம்பெனி, அத ஒத்துக்கிறேன். அதுல செத்த சீனத் தொழிலாளிங்களுக்கு ரெக்கார்டுல பேரே கிடையாது, பேர் தெரியாதுன்னு போட்டு நம்பர் குடுத்திருக்காங்க. சம்பளம் குடுக்கறப்போ தெரிஞ்ச ஆளு செத்தப்புறம் நம்பர் ஆயிட்டான். அந்த நம்பர வச்சுக்கிட்டு சீனாவுல இருக்குற பொண்டாட்டிக்கு யாருன்னு கடுதாசி போடுறது? எங்கப்பா இத கேட்டதுலேர்ந்து ரெண்டு நாளா இதையே பேசிட்டு இருக்காரு.

அதனால கேக்குறது ஒண்ணே ஒண்ணு. சுரங்கத்துல இறங்கி வேலை பாத்து செத்தவங்கள பத்தி ஒரு வரி சேருங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 1882-ல அவர் ஜெயிச்ச எலக்‌ஷன்ல அவர் சுரங்கத்துல இருந்த சீனாக்காரங்க ஒருத்தருக்கும் ஓட்டு கிடையாது, இந்த மண்ணோட பூர்வகுடிகளுக்கும் கிடையாது. இங்க நிலக்கரி இருக்குன்னு வெள்ளக்காரங்களுக்குக் காட்டிக்குடுத்ததே அந்தப் பூர்வகுடிகள்ல ஒருத்தரான ஸ்னுனெய்முக் மக்கள் தான். 1907-ல நம்ம தெற்காசியக்காரங்க ஓட்டையும் புடுங்கி 1947-ல தான் திருப்பிக் குடுத்தாங்க. 1877-ல டன்ஸ்முயர் சுரங்கத்துல ஸ்ட்ரைக் பண்ணவங்கள வீட்டவிட்டு காலி பண்ண மிலிட்டரியே வந்துச்சு. டன்ஸ்முயர் ரயில் போட 7,50,000 டாலரும் சுமார் 20 லட்சம் ஏக்கரும் அரசாங்கம் தூக்கிக் குடுத்துச்சு, செல்ஃப் மேட் பாருங்க. 1886-ல பிரதமர் மெக்டொனால்ட் வந்து கடைசி ஆணி அடிச்ச அந்த லைன்ல 2011-லேர்ந்து பயணிகள் ரயில் ஓடல, விக்டோரியா போகணும்னா மலஹாட் ரோட்டுல நாங்க தான் வரிசையில நிக்கிறோம், 20 லட்சம் ஏக்கர் போனது போனது தான்.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. பலகைய எடுங்கன்னு சொல்லல. அந்த மனுஷன் கெட்டிக்காரர் தான், வெறுங்கையோட வந்து நிலக்கரிய மோந்து புடிச்சவரு, அத யாரு மறுக்கிறா. 39 ரூம் கோட்டைய கட்ட ஆரம்பிச்சு அது முடியறதுக்குள்ள 1889-ல போய் சேந்துட்டாரு, பாவம். அந்தக் கோட்டைக்கே ரெண்டு வரி குடுத்திருக்கீங்க. இடம் பத்தலன்னா அதுல ஒரு வரிய எடுத்து இந்த 77 பேருக்குக் குடுத்துடுங்க.

அப்பா அடுத்த மாசம் 18-ம் தேதி ஊருக்குக் கிளம்புறாரு. அதுக்குள்ள முடியலன்னாலும் பரவால்ல, சேக்குறோம்னு ஒரு பதில் போட்டீங்கன்னா அவர்கிட்ட படிச்சுக் காட்டிடுவேன்.

நன்றிங்க.

இப்படிக்கு,
தினமும் அந்தப் பாதையில நடக்குற ஒருத்தன்